ஆகிலா: பாதத்தை அரிக்கும் நோயின் வரலாறு

மதீனாவின் ஏழு ஃபிக்ஹு மேதைகளுள் ஒருவர் உர்வா இப்னுஸ் ஸுபைர் (ரஹ்). ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி), அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) ஆகியோரின் புதல்வர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகன். ஹதீஸ் கலையிலும் ஸீரா கலையிலும் முன்னோடியாக விளங்கியவர். எனினும் நம் மக்களுள் பெரும்பாலோர் அவரை அறிந்திருப்பது அவருடைய கல்விக்காக அன்று, துண்டிக்கப்பட்ட காலுக்காக. பொறுமையைப் பற்றிய ஜும்ஆ உரைகளில் அவ்வரலாறு இடம்பெறாத ஆண்டு இராது.

அந்த வரலாற்றினுள் ஒரு நோயின் வரலாறும் அடங்கியுள்ளது. உர்வாவின் காலைப் பற்றிய நோயை அரபு ஆசிரியர்கள் ‘ஆகிலா’ என்று குறித்தனர். ‘தின்னக்கூடியது’ என்பது அதன் பொருள். இன்று நம் ஊர்களில் சர்க்கரை நோயாளிகள் விரலையும் பாதத்தையும் இழப்பதைக் காண்கிறோம். அங்கும் பார்ப்போர் கண்ணுக்குத் தென்படுவது, சதையை ஏதோ ஒன்று தின்றுகொண்டே மேலேறும் அதே காட்சிதான். உண்மையில் தின்பது எது என்னும் வினாவுக்கு விடை கிடைக்கப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த விடை நம் உளூவோடு எவ்வாறு தொடர்புடையது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உர்வாவின் பயணம்

உமய்யா கலீஃபா வலீத் இப்னு அப்தில் மலிக் (ஹிஜ்ரி 86–96, கி.பி. 705–715) ஆட்சியில் உர்வா மதீனாவிலிருந்து திமிஷ்க் நகருக்குப் பயணமானார். வழியில் வாதில் குரா என்னுமிடத்தில் அவருடைய காலில் நோய் கண்டது. திமிஷ்க் சேர்வதற்குள் அது முற்றியது. காலைத் துண்டிக்காவிடில் நோய் மேலேறி உடல் முழுவதையும் கெடுத்துவிடும் என்று மருத்துவர்கள் கூறினர். கலீஃபாவும் வற்புறுத்தினார். உர்வா இசைந்தார். அறிவை மயக்கும் பானம் ஒன்றை அருந்தத் தந்தபோது, இறைநினைவைத் தம்மிடமிருந்து அகற்றும் எதையும் ஏற்க இயலாது என மறுத்தார். தொழுகையில் இருக்கும்போது அறுக்கப்பட்டது என்று சில அறிவிப்புகளும், திக்ரில் ஈடுபட்டிருந்தார் என்று வேறு சில அறிவிப்புகளும் கூறுகின்றன. அதே பயணத்தில் அவருடைய மகன் முஹம்மது, தொழுவத்தில் விலங்கின் உதையால் உயிரிழந்தார். மக்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவைத்ததற்காகவும், உறுப்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றை விட்டுவைத்ததற்காகவும் அவர் இறைவனைப் புகழ்ந்தார். நாள்தோறும் குர்ஆனின் கால் பங்கை ஓதிவந்த அவர், கால் வெட்டப்பட்ட இரவு ஒன்றைத் தவிர அவ்வழக்கத்தை விட்டதில்லை என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

உர்வாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது என்று கூற எந்தச் சான்றும் இல்லை. அவ்வாறு கூறுவது வரலாறாகாது. ஆயினும் இரண்டு செய்திகளை நாம் கருத்தில் இருத்தல் வேண்டும். ஒன்று, தவக்குல் என்னும் பெயரால் அவர் மருத்துவரின் தீர்ப்பை மறுக்கவில்லை. மயக்கும் பானத்தை மறுத்தாரேயன்றி, அறுவையை மறுக்கவில்லை. மற்றொன்று, அவர் வலியை உணர்ந்தார். உணர்ந்த வலியைத் தாங்கியதே அவருடைய பொறுமை. இந்த இரண்டாவது செய்திக்கு நாம் பின்னர் மீண்டும் வருவோம்.

மருத்துவ நூல்களில் இரு தனி இடங்கள்

இப்னு ஸீனாவின் (980–1037) ‘அல்கானூன் ஃபித் திப்’ ஐந்து நூல்களைக் கொண்டது. அதன் மூன்றாம் நூலில், சிறுநீரக நோய்களின் வரிசையில், நீரிழிவு பேசப்படுகிறது. கிரேக்கத்திலிருந்து வந்த ‘தியாபீதுஸ்’ என்னும் பெயரோடு ‘தூலாப்’ என்னும் அரபு வழக்கையும் அவர் குறிப்பிடுகிறார். தூலாப் என்பது நீரிறைக்கும் சக்கரம். குடித்த நீர் குடித்தவாறே சிறிது நேரத்தில் வெளியேறுவதால் இப்பெயர் அமைந்தது.

ஆகிலாவோ நான்காம் நூலில், வீக்கங்களையும் புடைப்புகளையும் பற்றிய பகுதியில் வருகிறது. உறுப்பு கெடத் தொடங்கி உணர்ச்சி இன்னும் எஞ்சியிருக்கும் நிலை ‘கான்கரானா’. உணர்ச்சி அற்று உறுப்பு மாண்டுவிட்ட நிலை ‘ஸகாகுலூஸ்’ என்று அவர் வேறுபடுத்துகிறார். இருக்கும் உணர்ச்சியைக் கொண்டே உறுப்பின் நிலையை அளந்த இப்பாகுபாடு கூர்மையானது. ஆனால் நூலின் அமைப்பைக் கவனியுங்கள். நீரிழிவு ஓரிடத்தில், ஆகிலா வேறோரிடத்தில். ஒன்று சிறுநீரகத்தின் நோய், மற்றொன்று சதையின் நோய். அக்கால அறிவின் எல்லை அது.

இப்னு ஸீனாவுக்குச் சற்று முற்பட்டவர், அந்தலுஸில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (இறப்பு சுமார் 1013). முப்பது பகுதிகளைக் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் அவருடைய நூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்துக்குரியது. உறுப்பை அறுப்பதற்கும் எலும்பை வாளால் அறுப்பதற்கும் அதில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. அவ்வத்தியாயத்தில் தாம் கண்ட ஒருவரைப் பற்றி அவர் எழுதுகிறார். அம்மனிதரின் கால் விரலில் கருமை தோன்றிப் பாதம் முழுவதும் பரவியது. அது விரைந்து பரவுவதைக் கண்ட அவர், தம் பாதத்தைத் தாமே மூட்டில் வெட்டிக்கொண்டு குணமடைந்தார். நெடுநாள் கழித்து அதே கேடு கையின் சுட்டுவிரலில் தோன்றியது. ஸஹ்ராவீயிடம் வந்தார். மருந்துகளால் தடுக்க முயன்றும் கேடு நிற்கவில்லை. கையை வெட்டிவிடுமாறு வேண்டினார். நோயாளியின் வலிமை குன்றியிருந்ததால், வெட்டினால் இறந்துவிடுவார் என அஞ்சி ஸஹ்ராவீ மறுத்தார். நம்பிக்கையிழந்து ஊர் திரும்பிய அம்மனிதர் தம் கையையும் வெட்டிக்கொண்டு பிழைத்தார் என்று பின்னர்க் கேள்வியுற்றதாக அவர் முடிக்கிறார்.

தாம் தவறாகக் கணித்ததையும் மறைக்காமல் எழுதிவைத்த அந்த நேர்மை வியப்பிற்குரியது. ஓர் உடலில் ஓரிடத்தில் தோன்றிய கேடு வேறோர் இடத்தில் மீண்டும் தோன்றுகிறது என்றால், அதன் வேர் உடலுக்குள் எங்கோ இருக்க வேண்டும். அந்த வேர் எது என்பதை அறியும் கருவிகள் அன்று எவரிடமும் இல்லை.

நீரிழிவும் அக்காலத்தில் அரிய நோயாகவே கருதப்பட்டது. ஜாலீனூஸ் (கேலன்) தம் வாழ்நாளில் இருவரையே கண்டதாகக் கூறினார். கெய்ரோவில் மருத்துவம் பார்த்த மூஸா இப்னு மைமூன் (1138–1204), மேற்கே தாம் காணாத இந்நோயை எகிப்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டோரிடம் கண்டதாகப் பதிவு செய்தார். அவருடைய சமகாலத்தவரான அப்துல் லதீஃப் அல்பக்தாதீ (1162–1231) நீரிழிவுக்கென்றே தனியொரு ரிஸாலா எழுதினார்.

இரு அத்தியாயங்களும் இணைந்தபோது

நீரிழிவுக்கும் உறுப்பழுகலுக்கும் உறவு உண்டு என்று 1850களில் பிரெஞ்சு மருத்துவர் மார்ஷால் தெ கால்வி வலியுறுத்தினார். 1887இல் இங்கிலாந்தின் டேவிஸ் பிரைஸ், நீரிழிவாளரின் உள்ளங்காலில் துளைபோல் விழும் புண்ணை நரம்புச் சிதைவோடு தொடர்புபடுத்தினார். அல்கானூனின் மூன்றாம் நூலும் நான்காம் நூலும் அப்போதுதான் ஒன்றையொன்று சந்தித்தன எனலாம்.

1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922இல் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. மயக்கத்தில் மடிந்துகொண்டிருந்தவர்கள் பிழைத்தனர். ஆனால் நீண்ட காலம் வாழ்ந்தவர்களிடம் நோயின் நெடுங்கால விளைவுகள் தலைகாட்டின. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜாஸ்லின், நீரிழிவு மயக்கத்தால் இறப்போர் குறைந்து, கால் அழுகலால் இறப்போர் மிகுவதை 1934இல் எடுத்துக்காட்டினார். இது வானிலிருந்து இறங்கும் விதியன்று, மண்ணில் நம் கவனக்குறைவால் விளைவது என்னும் கருத்தை அவர் அழுத்தமாகச் சொன்னார். கத்ரை நம்பும் நமக்கும் இதில் மாறுபாடு இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

வேலூரில் கிடைத்த விடை

‘தின்பது எது?’ என்னும் வினாவுக்கான விடையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றுத் தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்பதே அன்று பொதுமக்களின் நம்பிக்கை. அவர் கண்டது வேறு. நோய் நரம்பை மட்டுமே கெடுக்கிறது. வலி மறைகிறது. வலி மறைந்தபின் சூடான பாத்திரம் கையைச் சுடுகிறது, ஆணி காலைத் துளைக்கிறது, புண்பட்ட பாதத்தின் மீதே மனிதன் நடந்துகொண்டிருக்கிறான். உறுப்பைத் தின்பது நோயன்று. வலியின் காவல் நீங்கிய அன்றாட வாழ்க்கையே அதைத் தேய்த்துவிடுகிறது.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூயிசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவாளரின் பாதத்திலும் அதே புண்ணை, அதே காரணத்தோடு கண்டார். புண்பட்ட பாதத்தின் மீது சுமை ஏறாதவாறு மாவுக்கட்டிட்டு, அழுத்தத்தைப் பாதம் முழுவதற்கும் பகிர்ந்தளித்தால், ஆறாது எனக் கருதப்பட்ட புண்ணும் ஆறுவதை அங்குள்ளோர் நிறுவினர்.

நீரிழிவுப் பாதத்தில் மூன்று கேடுகள் கூடுகின்றன. முதலாவது, நரம்பின் கேடு. அது உணர்ச்சியைப் போக்குகிறது. தசைகளின் சமநிலையைக் குலைத்து விரல்களை வளைக்கிறது. வியர்வையை நிறுத்திக் குதிகாலை வறண்டு வெடிக்கச் செய்கிறது. இரண்டாவது, இரத்தக் குழாய் அடைப்பு. அதனால் புண்ணுக்கு வேண்டிய ஊட்டம் வந்துசேர்வதில்லை. மூன்றாவது, கிருமித் தொற்று. முதல் இரண்டும் திறந்துவைத்த வாயிலின் வழியே மூன்றாவது நுழைகிறது. முழுமையான அழிவை உண்டாக்குவது பெரும்பாலும் இம்மூன்றின் கூட்டே.

அபாயத்தை அளக்கும் முறை

உணர்ச்சியைக் கொண்டு உறுப்பின் நிலையை அறியும் இப்னு ஸீனாவின் வழி, இன்று எளிய கருவியாக உருப்பெற்றுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியரான ஃபான் ஃப்ரே குதிரைமயிரைத் தோலில் அழுத்தித் தொடுவுணர்வை அளந்தார். 1960இல் செம்ஸ், வைன்ஸ்டைன் ஆகியோர் அதற்கு நைலான் இழையைப் பயன்படுத்தினர். 10 கிராம் விசையில் வளையும் இழையை உள்ளங்காலில் வைக்கும்போது உணர முடியாதவரே புண்ணுக்கு ஆளாகக்கூடியவர் என்பதைக் கார்வில் ஆய்வாளர்கள் 1986இல் காட்டினர். அந்த இழை இன்று உலகெங்கும் நீரிழிவு மருத்துவரின் மேசையில் உள்ளது.

இழை இல்லாத வீட்டிலும் ஒரு வழியுண்டு. 2011இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வெளியிட்ட முறை அது. நோயாளி கண்களை மூடிக்கொள்ள வேண்டும். மற்றொருவர் அவருடைய இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியைத் தம் சுட்டுவிரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும்; அழுத்தவோ தடவவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களை உணரவில்லையெனில் பாதம் காவலை இழந்துவிட்டது எனக் கொண்டு மருத்துவரை நாட வேண்டும்.

உணர்ச்சியோடு இரத்த ஓட்டமும் பார்க்கப்படும். புறங்காலிலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடித் துடிப்பை மருத்துவர் தேடுவார். நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுக் குழுவின் வழிகாட்டுதலில் அபாயம் நான்கு படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் நன்றாக இருப்பின் ஆண்டுக்கொருமுறை சோதனை போதும். இரண்டில் ஒன்று குறைந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை. இரண்டும் குறைந்தாலோ, அவற்றுள் ஒன்றோடு பாதத்தின் வடிவமும் கோணியிருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. இக்குறையோடு முன்பே புண் வந்திருந்தாலோ, விரல் நீக்கப்பட்டிருந்தாலோ, சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்திருந்தாலோ ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. ஒருமுறை புண் ஆறியவர்களுள் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினருக்கு ஓராண்டிற்குள் மீண்டும் வருவதே இக்கடைசிப் படியின் கண்டிப்புக்குக் காரணம்.

இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் நீரிழிவாளர் தொகை 10.1 கோடி என மதிப்பிடப்பட்டது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு. நீரிழிவாளருள் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் பாதப்புண் வரக்கூடும் என்பது 2017இல் வெளியான மதிப்பீடு. நீரிழிவால் கால் துண்டிக்கப்படுவோருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு முதலில் ஒரு சிறு புண்ணே இருந்தது. அச்சிறு புண்ணைக் கண்டுகொண்டால் பெரும்பாலான கால்கள் தப்பும்.

உளூவின் பாதம்

இங்குதான் நம் ஃபிக்ஹு நூல்கள் நினைவுக்கு வருகின்றன. உளூவில் கால்விரல்களைக் கோதிக் கழுவுவது ஸுன்னத் என்றும், விரல்கள் நெருங்கி நீர் உட்செல்லாவிடில் அது கட்டாயம் என்றும் படித்திருக்கிறோம். இடக்கையின் சிறுவிரலை உள்ளங்காலின் பக்கமிருந்து நுழைத்து, வலக்காலின் சிறுவிரலில் தொடங்கி, இடக்காலின் சிறுவிரலில் முடிக்க வேண்டும் என்று முறையையும் நம் இமாம்கள் வகுத்துள்ளனர். குதிகால் நனையாமல் விட்டவர்களை நபி (ஸல்) அவர்கள் நரகத்தைக் கொண்டு எச்சரித்த ஹதீஸும் அனைவரும் அறிந்ததே. விரலிடுக்கும் குதிகாலும் வணக்கத்தில் விடுபட்டுப்போகும் இடங்கள். நீரிழிவில் புண் ஒளிந்துகொள்ளும் இடங்களும் அவையே.

உளூ மருத்துவச் சோதனைக்காக விதிக்கப்பட்டதன்று; அது வணக்கம். ஆயினும் நாளில் பலமுறை தம் கையால் தம் பாதம் முழுவதையும் தொடும் கடமையுள்ளவர், பாதம் உணராததைக் கைவிரலால் அறியும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறார். ஈரம், பிளவு, கொப்புளம், கடினமான காய்ப்பு, வழக்கத்துக்கு மாறான சூடு ஆகியவற்றை விரல் கண்டுகொள்ளும். நாளில் ஒருமுறையேனும், வெளிச்சத்தில் கண்ணாலும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்தோ, வீட்டாரைக் கொண்டோ பார்க்கலாம். கையிலும் உணர்ச்சி குன்றியவருக்குக் கண்தான் துணை.

சில ஒழுங்குகளும் தேவை. உளூவின் ஈரத்தைத் துடைக்காமல் விடுவது சிறப்பென்று ஷாஃபிஈ நூல்கள் கூறினும், தேவையிருப்பின் துடைக்கலாம் என்றும் அவையே கூறுகின்றன. நீரிழிவாளருக்கு அத்தேவை உண்டு. விரலிடுக்கில் தங்கும் ஈரம் பூஞ்சையை வளர்த்துத் தோலைப் பிளக்கும். வறண்ட குதிகாலுக்கு எண்ணெயோ களிம்போ பூசலாம், விரலிடுக்கில் பூசலாகாது. வெந்நீரைக் காலில் ஊற்றுமுன் முழங்கையால் சூடு பார்த்தல் வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் செதுக்குவதும் ஆணிக்கான ஒட்டுமருந்தை இடுவதும் ஆபத்து. வீட்டிலும் வெறுங்காலோடு நடக்கலாகாது. செருப்பணிந்தவன் வாகனத்தில் செல்பவனைப் போன்றவன் என்னும் கருத்தில் வந்துள்ள நபிமொழி இங்கு நினைக்கத்தக்கது. வெயிலேறிய பள்ளிவாசல் முற்றத்தின் கல்லும், ஹஜ்ஜுப் பயணத்தின் தரையும் உணர்ச்சியற்ற பாதத்தைச் சுட்டு, சுட்டது தெரியாமலே விட்டுவிடும். இஹ்ராமில் நோயின் காரணமாக மூடிய காலணி அணிய நேர்ந்தால் ஃபித்யாவோடு அதற்கு வழியுண்டு. விவரத்தை ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும். புண்ணுக்குக் கட்டுப்போட்டவர் கட்டை அவிழ்த்துக் கழுவ வேண்டியதில்லை. கட்டின் மீது மஸ்ஹு செய்வதற்கும், ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்மும் சேர்ப்பதற்கும் சட்டம் உள்ளது. தலைக்காயமுற்ற ஒரு தோழரைக் குளிக்கச் சொல்லி, அதனால் அவர் இறந்தபோது, அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களை நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட செய்தியை அபூதாவூதில் காணலாம்.

எனக்கு ஸர்ஃபும் நஹ்வும் கற்பித்த உஸ்தாத் ஒருவர் உர்வாவின் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் கண்கலங்குவார். நீரிழிவு அவரை நெடுங்காலம் பற்றியிருந்தது. விரலிடுக்கில் புண் கண்டபோது எவரிடமும் சொல்லவில்லை. வலிக்கவில்லை என்பதால் பெரிதல்ல என்றார். பின்னர் துர்நாற்றம் வந்தபோது, பொறுத்துக்கொள்வோம் என்றார். முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டபின், மாணவர்களாகிய நாங்கள் சென்று பார்த்தோம். உர்வாவைப் போலவே அல்ஹம்துலில்லாஹ் என்றார். அவருடைய ஈமானில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் உர்வாவுக்குக் கிடைத்த எச்சரிக்கை அவருக்குக் கிடைக்கவில்லை என்பதை அன்று நாங்கள் அறியவில்லை.

உர்வா வலியைத் தாங்கினார், அது ஸப்ர். உணர்ச்சி மாண்ட பாதத்தில் வலி தெரியாதிருப்பது ஸப்ர் ஆகாது. அது நோயின் அடையாளம். ‘எனக்கு வலியே இல்லை’ என்று ஒரு நீரிழிவாளர் சொன்னால், மாஷா அல்லாஹ் என்று நகர்ந்துவிடாமல், அவருடைய பாதத்தைப் பார்க்க வேண்டும். இழந்தபின் பொறுப்பது நற்கூலிக்குரியது. இழக்குமுன் காப்பது, அமானிதமாகத் தரப்பட்ட உடலுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

இப்போது உளூவின் பாடத்தை நடத்தும்போது, விரல்களைக் கோதும் முறையைச் சொல்லிவிட்டு மாணவர்களிடம் ஒரு வேலை தருகிறேன். வீட்டில் நீரிழிவுள்ள பெற்றோரோ பாட்டனோ பாட்டியோ இருந்தால், அன்று இரவே அவர்களுடைய காலைத் தம் மடியில் எடுத்துவைத்து, விரல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி ஆறு விரல்நுனிகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இதுவரை இரண்டு மாணவர்கள் மறுநாள் வந்து, பாட்டனாரின் காலில் புண் இருந்ததாகவும், அது அவருக்கே தெரியாது என்றும் சொன்னார்கள்.